ஊவாவின் தேயிலை வண்டும் அதன் குலவரலாறும்

ஊவா என்றவுடன் வரலாறு கற்றோர் நினைவில் முதலில் எழுவது, 1817, 1818 ஆம் ஆண்டுகளில் ஆங்கில ஆட்சியை எதிர்த்து அங்கு மூண்ட பெருங்கிளர்ச்சியாகும். அதனை அடுத்து, பதுளை முதியங்கனை விகாரையும், 1924 ஆம் ஆண்டிற் பதுளை வரை வந்து நின்ற மலைநாட்டுப் புகையிரதப் பாதையும் நினைவுக்கு வரும். மன்னரும் தளபதியரும் பொறியியலாளரும் வரலாற்றை நடத்தினர் என்பது உண்மையே. ஆயினும் ஊவாவின் மலைச்சரிவுகளில் எது விளையும், எவர் குடியிருப்பர், அவர்க்கு எவ்வளவு கூலி கிடைக்கும் என்பவற்றைத் தீர்மானித்தவற்றுள் கண்ணுக்கு எளிதிற் புலப்படாத சிற்றுயிர்களும் உள. அவற்றுள் ஒன்று எள்ளினும் சிறிய ஒரு வண்டு. தேயிலைச் செடியின் வாதுகளிலே துளையிட்டு வாழும் அவ்வண்டிற்கு ஏறத்தாழ 150 ஆண்டுகளாக வழங்கிய பெயர் ஒன்று. அப்பெயருக்குப் பின்னால் மறைந்திருந்த இனங்களோ பல. உயிர்களின் பரம்பரை அலகுகளைப் படித்து அவற்றின் உறவுமுறையை அறியும் புதிய விஞ்ஞானம் இவ்வுண்மையை அண்மைக் காலத்திலேதான் வெளிப்படுத்திற்று. அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதையும், அதனால் ஊவாவின் தோட்ட மக்களுக்கு ஆகும் பயன் யாது என்பதையும் எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

கதையைத் தேயிலையிலிருந்து தொடங்குதல் இயலாது. தேயிலைக்கு முன்னர் ஊவாவை ஆண்டது கோப்பி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மலைநாட்டுக் காடுகள் வெட்டி எரிக்கப்பட்டன. அவ்விடமெங்கும் கோப்பிச் செடிகள் எழுந்தன. 1870-களில் இலங்கையிற் கோப்பி பயிரிடப்பட்ட நிலம் 2,75,000 ஏக்கர் வரை விரிந்திருந்தது. ஆனால் அவ்வளர்ச்சியின் உச்சத்திலேயே வீழ்ச்சியின் விதையும் ஊன்றப்பட்டுவிட்டது. 1869 ஆம் ஆண்டிலே, ஊவாவின் மடுல்சீமைப் பகுதியில், கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறமான தூள் படிந்திருப்பது கண்டறியப்பட்டது. பேராதனைப் பூந்தோட்டத்தின் தலைவராயிருந்த துவைற்ஸ் என்பவர் நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பேர்க்கிலி என்னும் அறிஞர், புரூம் என்பவரோடு சேர்ந்து, அஃது ஒரு பங்கசு எனக் கண்டு 'ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்' எனப் பெயரிட்டார். இரண்டாவது சொல்லின் பொருள் 'பாழாக்குபவள்' என்பதாகும். பெயர் பொருந்திற்று. இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பித் தொழில் ஏறத்தாழ அழிந்தொழிந்தது.

அவ்வழிவின் விளைவு பயிரோடு நின்றுவிடவில்லை. கோப்பி, அறுவடைக் காலத்திலே மட்டும் பெருந்தொகையான கைகளை வேண்டிய பயிர். தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாக நடந்து வந்த தொழிலாளர் பலர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. ஆண்டு முழுவதும் ஆட்களை வேண்டுவது. எனவே குடும்பங்கள் குடும்பங்களாக மக்கள் வந்து லயங்களிற் குடியேறினர். பதுளை, பசறை, மடுல்சீமை, நமுனுகுலை, தெமோதரை, பண்டாரவளை, ஹப்புத்தளை ஆகிய பகுதிகளில் இன்று வாழும் தமிழ்ச் சமுதாயத்தின் வரலாற்றிலே, கண்ணுக்குத் தெரியாத ஒரு பங்கசுக்கும் பங்கு உண்டு என்று சொன்னால் அது மிகையன்று.

இனி வண்டிற்கு வருவோம். மடுல்சீமையிற் கோப்பி நோய் தோன்றியதற்குச் சரியாக ஓராண்டு முன்னர், அதாவது 1868 ஆம் ஆண்டில், ஜெர்மனி நாட்டிலே வன அதிகாரியாயிருந்த ஐக்ஹோவ் என்பவர், இலங்கையிலிருந்து கிடைத்த சிறு வண்டொன்றை ஆராய்ந்து அதற்கு 'சைலெபோரஸ் போர்னிக்காட்டஸ்' என்று பெயர் சூட்டினார். முதற்சொல் மரத்தைத் தின்பது என்றும், இரண்டாவது சொல் வில்வளைவாகக் கவிந்தது என்றும் பொருள்படும். அக்காலத்தில் இலங்கையிலே தேயிலைத் தோட்டம் என்று சொல்லத்தக்கது அரிது. ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துர தோட்டத்திலே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது 1867 ஆம் ஆண்டிலேதான். ஆகவே ஐக்ஹோவ் கண்ட வண்டு தேயிலையின் பகையாக அவர் கண்ணிற் படவில்லை. அவருக்கு அது வெப்பநாட்டுக் காட்டிலிருந்து வந்த ஒரு புதுமை, அவ்வளவே. ஊசியிற் குத்தப்பட்டு, சிறு சீட்டொன்று இணைக்கப்பட்டு, அது சேகரிப்புப் பெட்டியிற் சேர்ந்தது. அந்த ஒரு சிற்றுடலைப் பற்றிப் பின்னர் மீண்டும் பேச வேண்டியிருக்கும்.

கோப்பி அழிந்த நிலங்களைத் தேயிலை மூடியது. மலைமேல் மலையாகப் பல்லாயிரம் ஏக்கரில் ஒரே பயிர். காட்டிலே பற்பல மரங்களிற் சிதறிக் கிடந்த சிற்றுயிர்களுக்கு இது பெருவிருந்தாயிற்று. 1890-களில், தேயிலை வாதுகளிலே வட்டமான சிறு துளைகள் காணப்படுவதைத் தோட்டக்காரர் முறையிடத் தொடங்கினர். துப்பாக்கியின் ஈயச் சன்னம் பாய்ந்தாற்போன்ற துளையாதலின் ஆங்கிலத் துரைமார் அவ்வண்டினை 'ஷொட் ஹோல் போரர்' என அழைத்தனர். பூண்டுலோயாவிலே தோட்டக்காரராயிருந்து, பூச்சிகளைச் சேகரிப்பதிலே பெரும் ஈடுபாடு கொண்டு, பின்னர் அரசாங்கப் பூச்சியியலாளராக உயர்ந்த எட்வர்ட் ஏர்ணஸ்ட் கிறீன் முதலானோர் அதனை ஆராய்ந்தனர். அது ஐக்ஹோவ் பெயரிட்ட வண்டே என்று கொள்ளப்பட்டது. அன்று முதல் தேயிலை நூல்களிலெல்லாம் அப்பெயரே நிலைத்தது.

இவ்வண்டின் வாழ்க்கை வியப்புக்குரியது. வாதினைத் துளைப்பது பெண் வண்டு மட்டுமே. அது சுமார் இரண்டு மில்லிமீற்றர் நீளமுடையது. துளைத்துச் செல்லும் மரத்தை அஃது உண்பதில்லை. தன் தலையிலே, தாடையின் அருகே அமைந்த சிறு பைகளில் ஒருவகைப் பங்கசின் வித்துகளை அது சுமந்து வருகிறது; குடைந்த சுரங்கத்தின் சுவரிலே அதனை விதைக்கிறது; அப்பங்கசு முளைத்துப் படர்ந்தபின் அதனையே தானும் உண்டு தன் குஞ்சுப் புழுக்களுக்கும் ஊட்டுகிறது. மனிதன் ஏர் பிடிப்பதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னரே உழவு செய்யக் கற்ற உயிர் இது. அது வளர்க்கும் பங்கசை, தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்திலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த காட், லூஸ் என்னும் இருவர் 1947 ஆம் ஆண்டிலே விவரித்துப் பெயரிட்டனர். வண்டையும் அதன் பயிரையும் ஒருங்கே நோக்க வேண்டும் என்னும் அறிவு இலங்கை மண்ணிலே வேரூன்றியது அப்பொழுதேயாம்.

குடும்ப முறையும் விந்தையானதே. கருவுற்ற முட்டைகளிலிருந்து பெண்ணும், கருவுறாத முட்டைகளிலிருந்து ஆணும் பிறக்கின்றன. ஆண்கள் மிகச் சில. அவற்றாற் பறக்க இயலாது. பிறந்த சுரங்கத்தை விட்டுப் பெரும்பாலும் அவை நீங்குவதுமில்லை. உடன்பிறந்த பெண்கள் அங்கேயே அவற்றோடு கூடிப் பின்னர் வெளியேறிப் புதிய வாதுகளைத் தேடுகின்றன. ஆதலால் புதிய நாடொன்றிலே ஒரு குடியை நிறுவுவதற்கு ஒரே ஒரு பெண் வண்டு போதும். ஒரு விறகுத்துண்டோ, பொருள்கள் அடைத்து வந்த மரப்பெட்டியின் ஒரு சட்டமோ அதனைக் கடல்கடந்து கொண்டுசெல்லப் போதுமானது.

தேயிலைச் செடிக்கு நேரும் தீங்கு, துளையினால் மட்டும் அன்று. துளையினால் வலுவிழந்த வாது முறிவதனாலாகும். கவ்வாத்து முடிந்து புதிய வாதுகள் எழுந்த இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளிலே வண்டு பெருகுகிறது. கொழுந்து பறிக்கும் பெண்களின் கை பட்டும், இடுப்பு உரசியும், காற்று அசைத்தும் வாதுகள் துளையிட்ட இடத்திலே முறிந்து தொங்குகின்றன. துளை வழியாக வேறு நோய்கள் புகுந்து மரத்தை உளுக்கச் செய்கின்றன. குளிர்மிகுந்த உச்சிமலைகளில் இவ்வண்டு செழிப்பதில்லை. இடைத்தரமான உயரத்திலும் தாழ்ந்த நிலங்களிலுமே அதன் ஆட்சி. ஊவாவிலே தாழ்ந்தும் உயர்ந்தும் கிடக்கும் மலைச்சரிவுகளிற் பல இவ்வெல்லைக்குள் அடங்குவன. பசறையிலே தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் கிளையொன்று இயங்கி வருவதும் ஊவாத் தேயிலைக்கே உரிய இத்தகைய சிக்கல்களை அவ்விடத்திலேயே ஆராய வேண்டும் என்பதனாலாம்.

வாது முறிந்தாற் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தாற் கூலி குறையும். குறித்த நிறை கொழுந்து கொடுத்தவர்க்கே முழுப்பேர். கொடாதவர்க்கு அரைப்பேர் என்னும் கணக்கு தோட்ட மக்கள் யாவரும் அறிந்தது. மலையிலே செடி சோர்ந்து நிற்க, அதற்குக் காரணம் இரண்டு மில்லிமீற்றர் வண்டு என்று கணக்குப்பிள்ளையிடம் எடுத்துச் சொல்லி முழுப்பேர் பெற்றவர் எவரும் இலர். தூர நாட்டு ஆய்வுகூடத்தின் கேள்வி ஒன்று லயத்துக் குடும்பத்தின் அடுப்பைத் தொடுவது இவ்விடத்திலேதான்.

எதிரியை அறியாமல் எய்த அம்பு எங்கெங்கோ பாயும் என்பதற்கு இவ்வண்டின் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. தேயிலை இலைகளைச் சுருட்டி உண்ணும் புழு ஒன்று முன்னர் பெருந்தொல்லை கொடுத்து வந்தது. அதனை அடக்குவதற்கென 1935, 1936 ஆம் ஆண்டுகளில் ஜாவாத் தீவிலிருந்து ஒரு சிறு குளவி கொண்டுவரப்பட்டது. 'மக்ரோசென்ட்ரஸ்' என்னும் அக்குளவி புழுவின் உடலிலே முட்டையிட்டு அதனை அழித்தது. மருந்துச் செலவின்றி இலைசுருட்டிப் புழு அடங்கிற்று. உலகப் பூச்சியியல் நூல்களிலே போற்றப்படும் வெற்றிகளுள் அதுவும் ஒன்று. பின்னர் 1950-களிலே துளைவண்டை ஒழிக்கும் பொருட்டு டீல்ட்றின் என்னும் கடும் நஞ்சு தோட்டங்களில் தெளிக்கப்பட்டது. வண்டு ஓரளவு குறைந்தது உண்மையே. ஆனால் அந்நஞ்சு குளவியையும் கொன்றது. அடங்கிக் கிடந்த இலைசுருட்டிப் புழு மீண்டும் தலைதூக்கிற்று. ஒரு பகையை வெட்டப் புகுந்து, நண்பனை வெட்டி, வேறொரு பகையை எழுப்பியது போலாயிற்று. டீல்ட்றின் 2001 ஆம் ஆண்டின் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையால் உலகளவிலே விலக்கப்பட்ட நஞ்சுகளுள் ஒன்றாயிற்று. ஓர் உயிரைக் கட்டுப்படுத்த விரும்புவோர், முதலில் அவ்வுயிர் யாது, அதன் உறவு யாது, அதன் பகை யாது என்பவற்றை அறிதல் வேண்டும் என்னும் பாடத்தைத் தேயிலை மலைகள் இவ்வாறு விலை கொடுத்துக் கற்றன.

ஆனால் 'அவ்வுயிர் யாது' என்னும் முதற்கேள்விக்கே விடை உறுதியாயிருக்கவில்லை. ஐக்ஹோவுக்குப் பின்னர் ஆசியாவின் பல பகுதிகளிலிருந்தும் இதனை ஒத்த வண்டுகள் அறிஞர் கைக்கு வந்தன. 1923 ஆம் ஆண்டில் எக்கர்ஸ் என்பவர் 'போர்னிக்காட்டியர்' என்றும், 1942, 1951 ஆம் ஆண்டுகளில் ஷெட்ல் என்பவர் 'விட்போர்டியோடென்ட்ரஸ்', 'பெர்பிரேவிஸ்' என்றும் புதுப்பெயர்களை இட்டனர். அவ்வண்டுகளை உருப்பெருக்கியின் கீழ் வைத்து நோக்கிய பிற அறிஞருக்கு வேறுபாடு எதுவும் புலப்படவில்லை. முதுகின் வளைவு ஒன்றே, நிறம் ஒன்றே, நீளத்திலே மயிரிழை வேறுபாடு. ஆகவே இவையெல்லாம் ஒரே இனம் என்று முடிவு செய்து, பிற்காலப் பெயர்களைத் தள்ளிவிட்டு, ஐக்ஹோவின் பெயரின் கீழேயே யாவற்றையும் அடக்கினர். சைலெபோரஸ் என்னும் குடிப்பெயர் மட்டும் பின்னர் 'யூவலேசியா' என மாற்றப்பட்டது.

இந்நிலையில் உலகின் மறுபுறத்திலிருந்து செய்தி வந்தது. 2003 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தில், லொஸ் ஏஞ்சலீசுப் பகுதியில், இவ்வகை வண்டு காணப்பட்டது. 2009 ஆம் ஆண்டில் இஸ்ரேல் நாட்டின் அவக்காடோத் தோட்டங்களில் அது தோன்றியது. சில ஆண்டுகளில் கலிபோர்ணியாவின் அவக்காடோ மரங்களும், வீதியோர நிழல்மரங்களும், ஆற்றங்கரைக் காடுகளும் பட்டுப்போகத் தொடங்கின. நூல்களைப் புரட்டிய அதிகாரிகள் கண்ட பெயர், இலங்கைத் தேயிலையின் துளைவண்டு என்பதாகும். தேயிலையிலே வாதினை முறிப்பதோடு அமையும் வண்டு, அங்கே முழுமரத்தையும் கொல்வது எவ்வாறு? அதனை அடக்க வேண்டுமாயின் அதன் தாயகத்திலே அதற்குரிய இயற்கைப் பகைவரைத் தேடுதல் வேண்டும். அத்தாயகம் இலங்கையா, வேறு நாடா? உருவத்தை நோக்கி இவ்வினாக்களுக்கு விடை கூற இயலவில்லை. எனவே அறிஞர் வண்டின் உடலுக்குள் எழுதப்பட்ட ஏட்டைப் படிக்கலாயினர்.

அந்த ஏடு யாது என்பதைச் சிறிது விளக்குதல் தகும். ஒவ்வோர் உயிரின் உடற்கலங்களிலும் டி.என்.ஏ. என்னும் நீண்ட மூலக்கூறு உண்டு. நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட நூலுக்கு அதனை ஒப்பிடலாம். தாய்தந்தையரிடமிருந்து பிள்ளைகளுக்கு அந்நூல் படியெடுத்து வழங்கப்படுகிறது. பழைய ஓலைச்சுவடிகளைப் படியெடுத்தோர் ஓரோர் எழுத்தைத் தவறவிட்டது போலவே, இங்கும் தலைமுறைகள் தோறும் சிற்சில எழுத்துகள் மாறுகின்றன. இரண்டு சுவடிகளிலே ஒரே பிழை காணப்பட்டால் அவ்விரண்டும் ஒரு மூலச் சுவடியிலிருந்து வந்தன என்று பதிப்பாசிரியர் முடிவு செய்வர் அன்றோ? அம்முறையே இதுவும். எழுத்து வேறுபாடு குறைந்தால் உறவு நெருங்கியது. மிகுந்தால் உறவு தூரமானது. உடற்கலத்தின் இழைமணி என்னும் உறுப்பிலே, தாய்வழியாக மட்டும் வரும் ஒரு சிறு பகுதியைப் பூச்சிகளின் இனம் அறிவதற்கு விஞ்ஞானிகள் சிறப்பாகப் பயன்படுத்துகின்றனர்.

இம்முறையின் ஆற்றலுக்கு மரவட்டையின் கதை நல்ல எடுத்துக்காட்டு. இலங்கை, தென்னிந்தியா ஆகியவற்றின் காடுகளிலே, தொட்டவுடன் உருண்டையாகச் சுருண்டுகொள்ளும் பெருமரவட்டைகள் உள. 'ஆர்த்ரோஸ்பேரா' என்பது அவற்றின் குடிப்பெயர். சுவிற்சர்லாந்து நாட்டவரான ஹம்பேர் என்பவர் 1865 ஆம் ஆண்டிலேயே இலங்கை மரவட்டைகளைப் பற்றி நூலெழுதினார். மடகாஸ்கர் தீவிலும் இவ்வகைச் சுருள் மரவட்டைகள் உள. 2010 ஆம் ஆண்டில் வெளிவந்த பரம்பரை அலகு ஆய்வொன்று, மடகாஸ்கரின் மரவட்டைக் குடிகளுள் ஒன்று, அத்தீவிலேயே வாழும் ஏனைய குடிகளைவிட, இந்தியாவின் குடிக்கே நெருங்கிய உறவு என்று காட்டிற்று. மரவட்டை நீந்தாது, பறவாது, மெல்ல ஊர்வதே அதன் இயல்பு. ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இந்திய நிலமும் மடகாஸ்கரும் பிரிந்த பேரியக்கத்தின் தடயம் அதன் உடலெழுத்திலே இன்றும் பதிந்திருக்கிறது. அடுத்தடுத்து வாழ்வோர் உறவினராயிருக்க வேண்டியதில்லை. ஒத்த உருவினர் ஒரு வயிற்றினராயிருக்க வேண்டியதுமில்லை. கண் காட்டாத உறவைப் பரம்பரை அலகு காட்டுகிறது.

துளைவண்டின் செய்தியிலும் அவ்வாறே நிகழ்ந்தது. கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைட் பிரிவைச் சேர்ந்த ஸ்டௌத்ஹாமரும் அவர் குழுவினரும் ஆசியாவின் பல நாடுகளிலிருந்து வண்டுகளைத் திரட்டி, அவற்றின் டி.என்.ஏ. எழுத்துகளை ஒப்பிட்டு, 2017 ஆம் ஆண்டிலே முடிவுகளை வெளியிட்டனர். ஒரே இனம் எனக் கருதப்பட்டது ஒன்றன்று; நெடுங்காலத்துக்கு முன்னரே பிரிந்துபோன பல கிளைகள் என்பது தெளிவாயிற்று. லொஸ் ஏஞ்சலீசை அடைந்த வண்டு ஒரு கிளை. அதன் தாயகம் வியட்நாம் பக்கத்தைச் சுட்டிற்று. அதே மாநிலத்தின் சான் டியாகோவை அடைந்தது வேறு கிளை. அது தாய்வான் பக்கத்தைச் சேர்ந்தது. புளோரிடாவிலும் ஹவாயிலும் காணப்பட்டது மூன்றாவது கிளை. தேயிலைத் துளைவண்டு எனப் பெயர்பெற்ற கிளை அதுவே. மூன்று வேறு விருந்தாளிகள் ஒரே பெயர்ச்சீட்டோடு கதவைத் தட்டியிருந்தனர்.

வண்டு சுமக்கும் பங்கசின் வழியையும் அறிஞர் ஆராய்ந்தனர். காட், லூஸ் ஆகியோர் இலங்கையிலே பெயரிட்ட பங்கசு ஒரு பெருங்குடும்பத்தின் ஓர் உறுப்பினர் மட்டுமே என்பதும், இஸ்ரேலிலும் கலிபோர்ணியாவிலும் மரங்களைக் கொன்றது அதனின் வேறான பங்கசு என்பதும் அறியப்பட்டன. அதற்கு 2013 ஆம் ஆண்டிலே தனிப்பெயர் இடப்பட்டது. மேலும், வண்டின் வமிச வரலாறும் பங்கசின் வமிச வரலாறும் ஒன்றோடொன்று முற்றும் பொருந்தவில்லை என்று 2015 ஆம் ஆண்டின் ஆய்வொன்று காட்டிற்று. அதாவது, உழவர் குடி தன் முன்னோரின் விதைநெல்லையே என்றும் பேணிவரவில்லை. இடையிடையே பிறரிடமிருந்து புதுவிதை பெற்றுக்கொண்டது. புதிய நிலத்திலே புதிய விதையோடு இணையும் வண்டு என்ன விளைவிக்கும் என்பதை முன்கூட்டி உரைத்தல் அரிது. நாடுகள் துறைமுகங்களிலே மரப்பொருள்களைக் கடுமையாகச் சோதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனங்கள் பல என்று தெளிந்தபின், எவ்வினத்துக்கு எப்பெயர் என்னும் வழக்கு எழுந்தது. உயிர்ப்பெயர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. பெயர், அதனை முதன்முதல் இட்டவர் கண்ட மாதிரி உடலுக்கே உரியது. அம்மாதிரி எவ்வினமோ, அவ்வினத்துக்கே அப்பெயர் சேரும். மக்கள் வழக்கம் அதனை மாற்ற முடியாது. ஐக்ஹோவ் 1868 ஆம் ஆண்டிலே கண்ட இலங்கை வண்டு எங்கே? அது தொலைந்துபோயிற்று என்றே அறிஞர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். எனவே 2018 ஆம் ஆண்டிலே கோமெஸ் முதலானோர், தேயிலையைத் துளைக்கும் கிளைக்கே போர்னிக்காட்டஸ் என்னும் பழம்பெயரை வழங்கி, கலிபோர்ணியாவின் கிளைக்கு விட்போர்டியோடென்ட்ரஸ் என்னும் பெயரை மீட்டுக் கொடுத்தனர்; தாய்வான் பக்கத்துக் கிளைக்குக் 'குரோஷியோ' எனப் புதுப்பெயர் இட்டனர்.

ஓராண்டும் நிலைக்கவில்லை அத்தீர்ப்பு. தொலைந்தது எனக் கருதப்பட்ட மாதிரி கண்டெடுக்கப்பட்டது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாரா ஸ்மித் என்னும் அம்மையாரும் அவர்தம் தோழரும் அதனை நுணுகி ஆராய்ந்து, பரம்பரை அலகுகளால் இனம் தெளிந்த வண்டுகளோடு ஒப்பிட்டு, 2019 ஆம் ஆண்டிலே முடிவினை வெளியிட்டனர். இலங்கையிலிருந்து சென்ற அந்தப் பழைய வண்டு, தேயிலைத் துளைவண்டு எனப் பெயர்பெற்ற கிளையைச் சேர்ந்ததன்று; கலிபோர்ணியாவிலும் இஸ்ரேலிலும் மரங்களைக் கொல்லும் கிளையைச் சேர்ந்தது என்பதே அம்முடிவு. சட்டப்படி போர்னிக்காட்டஸ் என்னும் பெயர் அக்கிளைக்குச் சென்றது. தேயிலைத் துளைவண்டுக்கு, 1951 ஆம் ஆண்டின் பெர்பிரேவிஸ் என்னும் பெயர் உரியதாயிற்று. எக்கர்சின் 1923 ஆம் ஆண்டுப் பெயரும் தனியினமாக மீண்டும் ஏற்கப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தேயிலை நூல்கள் ஒரு பெயரை வேறோர் உயிருக்கு வழங்கி வந்தன என்பது இதனாற் புலனாயிற்று.

இதனைக் கேட்போர், பெயர் மாறினால் வண்டு வாதினைத் துளைப்பதை நிறுத்திவிடுமா என்று வினவலாம். வினா நியாயமானதே. விடையும் உண்டு. முதலாவதாக, நூறாண்டு ஆராய்ச்சிக் குறிப்புகள் இனி மறுபடியும் படிக்கப்பட வேண்டும். எம்மலையில் எவ்வினம், எவ்வுயரத்தில் எவ்வினம், எந்நிழல்மரத்தில் எவ்வினம் என்று பிரித்தறிந்தாலன்றி, ஓரிடத்திற் பயன்தந்த முறை மற்றோரிடத்திற் பயன் தராததன் காரணம் விளங்காது. இரண்டாவதாக, இயற்கைப் பகைவரும் வளர்ப்புப் பங்கசும் இனத்துக்கு இனம் வேறுபடக்கூடியவை. ஜாவாக் குளவி தன் இரையைச் சரியாக அறிந்திருந்தமையாலேயே வெற்றி கிட்டியது. துளைவண்டிற்கும் அத்தகைய நண்பனைத் தேடுவோர், எவ்வினத்தின் பகைவனைத் தேடுகின்றனர் என்பதை முதலில் அறிந்திருத்தல் வேண்டும். மூன்றாவதாக, மரங்களைக் கொல்லும் இனம் 2017 ஆம் ஆண்டிலே தென்னாபிரிக்காவிலும், 2021 ஆம் ஆண்டிலே மேற்கு அவுஸ்திரேலியாவிலும் கண்டறியப்பட்டது. அங்கெல்லாம் இலங்கைத் தேயிலை வண்டே வந்தது என்று எண்ணுதல் தவறு. உறவுமுறை தெளிந்தமையால் அப்பழி நீங்கியது. தேடவேண்டிய திசையும் தெரிந்தது.

உறவறிவு ஒன்றே போதும் என்பதன்று. வாதுகளை உறுதியாக வளர்க்கும் உரம், காலந்தவறாத கவ்வாத்து, துளையைத் தாங்கும் செடிவகை ஆகியவற்றைக் கையாளுவதே இன்றும் தோட்டங்களின் அன்றாடக் காப்பு. கவ்வாத்துக் கத்தி பிடித்த தொழிலாளி, வெட்டிய வாதின் குறுக்கே கருத்த வளையமாகத் தெரியும் சுரங்கத்தைக் கண்டு, இம்மலையிலே வண்டு மிகுந்திருக்கிறது என்று சொல்லும் அறிவு எந்த ஆய்வுகூடத்துக்கும் குறைந்ததன்று. அவ்வறிவும் ஆய்வுகூடத்தின் அறிவும் இணையும்பொழுதே பயன் முழுமையாகும். பசறை ஆராய்ச்சிக் கிளை மட்டுமன்றி, 2005 ஆம் ஆண்டிலே பதுளையில் நிறுவப்பெற்ற ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகமும் இன்று இம்மாகாணத்திலே உளது. தோட்டப் பாடசாலைகளிலிருந்து அங்கு செல்லும் மாணவரும் உளர். தம் பாட்டன்மார் முறிந்த வாதினைக் கையில் ஏந்தி நின்ற அதே மலையில், வண்டின் உடலெழுத்தைப் படிக்கும் வாய்ப்பு அவர்க்கு உண்டு.

இவ்வரலாறு உணர்த்தும் உண்மைகள் இரண்டு. ஒன்று, பெயர் தெரிந்தமையாலேயே பொருள் தெரிந்ததாகாது என்பது. தோட்டங்களில் நூறாண்டுக்கு மேலாக நாள்தோறும் வழங்கிய பெயரே பிழைபட்டிருந்தது. மற்றொன்று, பேணி வைக்கப்பட்ட சிறுபொருளின் பெருமை. யாரோ ஒருவர் இலங்கையிலிருந்து எடுத்து, ஊசியிற் குத்தி, சீட்டெழுதி வைக்க, 1868 ஆம் ஆண்டிலே பெயர் பெற்ற இரண்டு மில்லிமீற்றர் வண்டு, 151 ஆண்டுகளின் பின்னர் உலக அறிஞரின் வழக்கைத் தீர்த்து வைத்தது. ஊவாவின் மாணவர் இன்று தம் மலையிலே சேகரித்து, இடமும் நாளும் செடியும் தவறாமற் குறித்து வைக்கும் பூச்சியொன்று, பின்வரும் தலைமுறையின் எவ்வழக்கைத் தீர்க்கும் என்பதை எவரும் முன்னறிந்து கூறார். சீட்டு மட்டும் செவ்வையாக எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.